மூன்று நாள் உபரி

காலை ஐந்து மணிக்கு
ஒதுலாவின் கைபேசியிலிருந்து
நாலு ஷில்லிங் தானாகக் கழியும்.
பைக்கை உதைத்துக் கிளப்பும் முன்பே
அன்றைய சாவுக்குக் கட்டியாயிற்று.
"எனக்குத்தான் தினக்கூலி என்றால்
என் சாவுக்கும் தினக்கூலி" என்று
சிண்டோ படகுத்துறையில் சொல்லிச் சிரிப்பானாம்.

சொன்னவள் அபோண்டி.
பின்னால் யாரோ ஒமேனா மீனுக்கு
விலை கத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் நைரோபியில், ஒன்பதாம் மாடியில்,
காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு
இறப்புகளை வாங்கி வைப்பவள்.
இங்கே படிவம் கிடையாது,
வாசலில் செருப்பைக் கழற்றும் ஏஜென்ட் கிடையாது.
சான்றிதழைப் படம் பிடித்து அனுப்பினால் போதும்.
பிறகு ஆறு இலக்கம்.

"எண் அனுப்பியிருக்கிறோம் அம்மா."
"எங்கே?"
"பதிவு செய்த கைபேசிக்கு."
"அது அவருடையது."
"ஆமாம்."

லாரி ஏறியதில் திரை நொறுங்கிய கைபேசி.
கடையில் இருபது ஷில்லிங் கொடுத்து
சார்ஜ் ஏற்றி வந்தாள்.
உயிர் வந்தது, அதற்கு.

"ஏழு, ஒன்று, ஒன்று...
இது எட்டா மூன்றா, விரிசலில் தெரியவில்லை."
மூன்று முறைதான் அனுமதி என்பதை
நான் சொல்லவில்லை.
வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். எட்டு.

நாற்பது நொடியில் பணம் போய்விட்டது.
எங்கள் விளம்பரத்தில் அறுபது நொடி என்றிருக்கும்.

"இன்னும் சில செய்தி இருக்கிறது" என்றாள்,
எழுத்துக்கூட்டிப் படித்தாள்:
"அன்பு ஒதுலா, இன்றும் நீங்கள்
பாதுகாப்பாக இருக்கிறீர்கள்."
செவ்வாய். புதன். வியாழன்.
அவனைப் புதைத்தது வியாழன் மதியம்.
"இதற்கெல்லாம் நான் பதில் போடணுமா?"

வேண்டாம் என்றேன்.
பன்னிரண்டு ஷில்லிங்கைத் திருப்பித்தர
என் திரையில் பொத்தான் இல்லை.

மாலைக் கூட்டத்தில்
சுவரில் ஒரு பச்சைக் கோடு ஏறியது.
ஏரிக்கரை மாவட்டங்களைக் காட்டிக் கை தட்டினார்கள்.
வங்கிக் கிளை எட்டிப் பார்க்காத ஊர்களில்கூட
நாம் போய்ச் சேர்ந்துவிட்டோமாம்.
பொய்யில்லை. சேர்ந்துதான் இருக்கிறோம்.
நானும் தட்டினேன்.
அந்தக் கோட்டில் எங்கோ
செத்தவன் கட்டிய மூன்று நாள்
மயிரிழை உயரம் கூட்டியிருக்கும்.

மறுநாள் மறுபடி அவள்.
பன்னிரண்டு ஷில்லிங்குக்காக என்று நினைத்தேன்.
"என் எண்ணையும் சேர்த்துவிடு."

பெயர். பிறந்த ஆண்டு. தொழில், மீன் வியாபாரம்.
"வாரிசு?"
"ஒது..." என்று வாயெடுத்துவிட்டு
நிறுத்திக்கொண்டாள்.
"ஒண்டிடி. மகன். ஆறு வயது."

பதினெட்டு நிரம்பாத பெயரை
இந்தக் கட்டம் ஏற்காது.
வேறு யாராவது?

எடைத்தட்டு மோதும் சத்தம் கேட்கிறது,
ஏரிக்காற்று ஒலிவாங்கியில் உரசுகிறது.
யோசிக்கிறாள்.

கட்டத்துக்குள் அந்தச் சின்னக் கோடு
மினுக்கி மினுக்கி
நிற்கிறது.