ஏழாவது கையெழுத்து

பழைய வண்ணாரப்பேட்டைப் பள்ளிக்கூட அரங்கில்
பிராந்திய மாநாடு.
கழுத்தில் மாட்டிய அட்டையில்
திரு. தேவகிருபா என்று அச்சாகியிருந்தது.
“சாயந்தரம் மாத்தித் தரோம்மா” என்றார் பதிவு மேசைக்காரர்.
மூன்று நாளும் ஆணாகவே ஓட்டுப் போட்டேன்.

கயிறு கட்டிப் பிரித்திருந்தார்கள்.
உள்ளே வாக்குரிமை, வெளியே வேடிக்கை.
உள்ளேயும் முன்வரிசை முழுக்க வெள்ளை அங்கி.
பின்னால் நாங்கள்:
துறைமுகக் கணக்கர், ஸ்டான்லி ஆஸ்பத்திரி நர்ஸ்,
ரிட்டையரான சிக்னல்காரர்,
மின்வாரியத்துக்கு வீடு வீடாய்
மீட்டர் பார்க்கும் நான்.

“கொருக்குப்பேட்டை?”
“இருக்கேன்.”
கன்டெய்னர் லாரி ஒன்று அப்போதுதான்
தெருவை அடைத்துக்கொண்டு ஹாரன் அடித்தது.
செயலர் மறுபடி கேட்டார்.
மறுபடியும் இருந்தேன்.

கைப்பையில், டிபன் டப்பாவுக்கு அடியில்
பிளாஸ்டிக் உறைபோட்ட மனு.
போதகர் நேசகுமாரை மாற்ற வேண்டும்.
பிரசங்கம் ஒரு மணி நேரம் தாண்டுகிறது.
மூன்று வருசம் சந்தா கட்டாதவருக்குக்
கல்லறையில் இடம் கொடுத்தார்.
நவம்பர் மழையில் ஆலயத்தைத் திறந்துவிட,
தண்டவாளத்தோரத்துச் சனம்
ஆல்டர் வரைக்கும் பாய் விரித்து
ஆறு ராத்திரி படுத்தது.
சிவப்புக் கம்பளம் இன்னும் நாறுகிறது.

நாற்பத்தொரு கையெழுத்து. ஏழாவது என்னுடையது.
அந்தக் கம்பளத்துக்கு
நான் ஐயாயிரம் கொடுத்திருந்தேன்.

வரவு செலவு அறிக்கையில் எட்டாம் பக்கத்தைக் காணோம்,
ஒன்பதாம் பக்கம் இரண்டு.
அதையே ஏற்றுக்கொள்ள முன்மொழிந்தார் ஒருவர்,
வழிமொழிந்தார் இன்னொருவர்.
கை தூக்கச் சொன்னார்கள்.
தூக்கினேன்.

மத்தியானம் சாம்பார் சாதம்.
முட்டை எங்கள் வரிசை வருவதற்குள் தீர்ந்துவிட்டது.
போதகர் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
கழற்றிவிட்ட செருப்புக்கு மேல்
குதிகால் கிழிந்த சாக்ஸ்.
“கிருபாம்மா, ஆலயத்துக்கு இந்த வாட்டி
பில்லு ரொம்ப ஏறிடுச்சே,
மீட்டர்ல ஏதாச்சும் கோளாறா?”

நான்தான் அந்த ரீடிங் எடுத்தவள்.
பதினாறு ஃபேன், ஆறு ராத்திரி,
வெஸ்ட்ரியில் ஒரு பிள்ளைக்கு
மூச்சுக்கு வைக்கிற மிஷின்.
எவ்வளவு எரிந்தது என்று மட்டும்தான் மீட்டர் சொல்லும்.
“மீட்டர் சரியாத்தான் இருக்குங்க ஐயா.”
“அப்ப சரி,” என்று
ஊறுகாயை என் பக்கம் தள்ளினார்.

மனுப் பெட்டியை நாலு மணிக்கு மூடினார்கள்.
நான் டீ வரிசையில் நின்றிருந்தேன்.
வேண்டுமென்றே நின்றேனா?
வரிசை நீளமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் இருட்டும்போது
எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி
பேராயர் நியமனப் பட்டியலை வாசித்தார்.
மணலிப் பக்கமிருந்து காற்றில் எண்ணெய் வாடை.
போதகர் மனைவிகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள்.
கொருக்குப்பேட்டை என்றதும்
நான் கேட்டறியாத ஒரு பெயர்.
நேசகுமார், விருத்தாசலம் தாண்டி
இரண்டு பஸ் மாறிப் போகிற ஊர்.

பின்னாலிருந்து டேனியப்பன் என் காதில் சொன்னார்:
“ஜெராக்ஸ் ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு,
முதல் நாளே போட்டுட்டேன்.”

நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோதும்
என் கையெழுத்து உள்ளேதான் இருந்திருக்கிறது.

முடிவுப் பாட்டுக்கு முன்னால் போதகர் திரும்பினார்.
“பேனா இருக்காம்மா?”
ஊர்ப் பெயரை நிகழ்ச்சி நிரலின் பின்பக்கம்
எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார்.
ஹெப்சிபா அக்கா எட்டிப் பார்த்து
“அங்க பள்ளிக்கூடம் இருக்கா?” என்றாள்.
பேனாவை மூடிபோட்டுத் திருப்பித் தந்தார்.
அதே நீலப் பேனா.

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
கூட்ஸ் வண்டி, முடிகிற மாதிரி தெரியவில்லை.
ஷேர் ஆட்டோவில் ஆறு பேர், யாரும் பேசவில்லை.
அடுத்த கணக்கெடுப்புக்குப்
போதகர் வீட்டுப் பக்கம் போக வேண்டும்.
புது ஆள் வந்து சேர்ந்திருக்காவிட்டால்
கார்டில் எழுத எங்களுக்கு ஒரு வார்த்தை இருக்கிறது:
கதவு பூட்டு.