பத்து கிலோவாட் சூரியன்

வியாழன் இரவு. ருவைஸ், ஏழாம் நம்பர் கேம்ப்.
எட்டுக் கட்டிலில் பதினாலு பேர், மிச்சம் தரையில்.
வாடகைக்கு எடுத்த வீசியாரின் தலையை
அத்தர் தொட்ட பனியன் நுனியால் துடைத்தான் சகாயம்.
ஸ்பிரிட் கிடைக்கவில்லை.
படம் தொடங்குமுன்பே மணத்தது.

ஃபோர்மேன் பிரிட்சர்ட் தந்த கேசட்.
பழைய ரத்தக்காட்டேரிப் படம், அவர் நாட்டில் எடுத்தது.
"அந்தக் கோட்டை என் கைவேலை" என்றிருந்தார்
கான்கிரீட் லாரியைப் பின்னால் வரச்சொல்லிக்
கையாட்டிக்கொண்டே.
இருபது வயதில் ஸ்டுடியோவில் சுவர்ப்பூச்சு.
இங்கே எங்களை விரட்டுகிறார்.

குதிரைவண்டி காட்டுக்குள் ஓடியது.
"இந்த மரத்த இப்பதானல தாண்டுனான்?"
மூன்றாம் முறை அதே மரம் வந்ததும்
எல்லோரும் அதற்கு வணக்கம் வைத்தோம்.
கதவை அறைந்தால் கருங்கல் சுவர் ஆடியது.
"ப்ளைவுட்டு. அரை இஞ்சி" என்றான் சகாயம்,
ஆசாரிக்கு வேறு என்ன தெரியும்.
முதல் கழுத்தில் முதல் சிவப்பு வழிந்தபோது
காசிம் பாய் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.
"ரத்தமா இது? தபால்பெட்டிக் கலரு.
இன்னொரு கோட்டு அடிச்சிருக்கணும்."

நான் எலக்ட்ரீஷியன். நடுராத்திரி என்கிறார்கள்,
கல்லறைச் சிலுவைக்குக் கத்தி மாதிரி நிழல்.
லென்ஸுக்கு முன்னால் நீலக் கண்ணாடி,
நேரம் மத்தியானம் ரெண்டு மணி.
சொன்னேன். யாரும் நம்பவில்லை.

கூப்பிட்டால்தான் வாசல் தாண்டுவானாம் அவன்.
"விசா வேணும்லா" என்றது இருட்டில் ஒரு குரல்.
அதற்குச் சிரித்த சிரிப்பில்
பக்கத்து அறைப் பட்டாணிகள் சுவரைத் தட்டினார்கள்.

பிறகு ஊர்க்காரர்கள் சுத்தியலோடு வந்தார்கள்.
ஜன்னலில் அறைந்திருந்த பலகைகளை
ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள்.
ஒரு கோடு வெயில்.
பிறகு ஒரு பாய் அகலம்.
கைகளால் முகத்தை மறைத்தான்.
உதடுதான் முதலில் வெடித்தது.
முழங்கால் மடங்கி,
நனையாத சிமெண்டு போல
உட்கார்ந்த இடத்திலேயே உதிர்ந்தான்.

படத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.
மாதாகோயில் மணி அடித்தது.
காசிம் பாய் சத்தத்தைக் குறைத்தார்.
ஏசியின் கடகடப்பு மட்டும்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை,
கதவோரம் மேல்கட்டிலையும் பார்க்கவில்லை.
அதில் இப்போது பெட்டிகள்தான் இருக்கின்றன.

போன ஜூலை. பைப் ராக் மேலே, பதினொன்றரை மணி.
தாசையன் கையுறையைக் கழற்றிவிட்டு
"குளிருதுடே" என்றான்.
உதடுதான் முதலில்.
காகிதத்தில் எழுதினார்கள்: இதயம் நின்றது.

சனிக்கிழமை காலை கேசட்டைத் திருப்பிக்கொடுத்தேன்.
கடைசிக் காட்சி எப்படி என்று கேட்டார் பிரிட்சர்ட்.
வெயில் நன்றாக இருந்தது என்றேன்.
அவருக்கு ஒரே குஷி.
"வெயிலா! பத்து கிலோவாட் விளக்கு அது.
டிசம்பர் மாதம், தகரக் கொட்டகை,
எங்கள் எல்லோருக்கும் பல் கிடுகிடுத்தது.
ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில்
அந்த மனுஷனுக்குக் கம்பளி போர்த்துவோம்.
வாயில் ஐஸ் கட்டி போடச் சொல்வார்கள்,
எரிந்து சாகிறவன் வாயில் பனிமூச்சு
தெரியக்கூடாது, பார்."

தாசையன் வாயிலும் வைத்தோம்.
மெஸ்ஸின் மீன்பெட்டியிலிருந்து,
செதில் ஒட்டிய ஐஸ்.
அதை நான் அவரிடம் சொன்னேனா
இல்லை சொல்ல நினைத்தேனா
இப்போது நிச்சயமில்லை.
இன்னொரு படம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார்.
அதே கோட்டைதானாம், பெயிண்ட் மட்டும் மாற்றினார்களாம்.

மணி ஆறே கால்.
பைப் ராக்கின் நிழல்
அதற்குள் சுருங்க ஆரம்பித்திருந்தது.