ஆப்ரிகாட் என்றாள்

வந்து இறங்கிய அன்றைக்கே கேட்டான் உலுக்பெக்:
"எப்போது போவாய்?"

பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை,
பெட்டிக்குள் என்ன என்றுகூடக் கேட்கவில்லை.
ஏழு வயது. மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை.

ஃபெம்கே என்னைப் பார்த்தாள்.
பிஷ்கேக் ஓட்டலில் நான்கு வருடம்
படுக்கை விரிப்பு மாற்றிப் பொறுக்கிய ஆங்கிலம்
என்னுடையது. இந்த இல்லத்துக்கு
வேறு மொழிபெயர்ப்பாளர் கிடையாது.
மூன்று விமானம், ஒரு வேன்,
வழியெல்லாம் வாந்தி எடுத்து
வெளுத்துப்போய் நிற்கிற பெண்ணிடம்
அதை அப்படியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
"உனக்குப் பிடித்த பழம் எது என்கிறான்."

சிரித்தாள்.
முற்றத்து மரம் இலை விடுமுன்பே பூத்திருந்தது.
அதைக் கைகாட்டி "ஆப்ரிகாட்" என்றாள்.
ருஷ்யச் சொல்லும் ஏறக்குறைய அதேதான்,
அவனுக்கு நான் தேவைப்படவில்லை.
"பழுக்கும்போதா?" என்று மட்டும் கேட்டான்.
ஆமாம் என்றேன்,
வாளியில் ஈரத்துணி காத்திருந்தது.

அவன் நம்பியதில் வியப்பில்லை.
இங்கே பாதிப்பேர் அநாதைகள் அல்லர்.
இவன் அம்மா மாஸ்கோவில் படிக்கட்டுகள் கழுவுகிறாள்.
பனி உருகியதும் வருகிறேன் என்று
விட்டுப் போனாள்.
மூன்று முறை உருகியது.
பெரியவர்கள் தேதி சொல்லமாட்டார்கள்,
பருவம் சொல்வார்கள்
என்பது அவனுக்குத் தெரியும்.

ஃபெம்கேவுக்கு மாவு இழுக்க வராது.
நூடுல்ஸ் என்று அவள் வெட்டியதைப் பார்த்து
ஐசிரெக் தரையில் உருண்டு சிரித்தாள்.
ஆனால் பத்தொன்பது பிள்ளைகளுக்கும்
நகம் வெட்டுவாள், ஒவ்வொரு விரலாக,
அவசரமே இல்லாமல்.
சங்கிலி கழன்ற ஒற்றைச் சைக்கிளின் பின்னால்
சீட்டைப் பிடித்தபடி ஓடுவாள்.
விடாதே விடாதே என்பதை முதலில் கற்றாள்
எங்கள் மொழியில்.

மே மாதம் காய் கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்தது.
ஒரு காலையில் மரம் மொட்டையாக நின்றது.
கீழே பச்சையாய், பூனைமுடியோடு, நூற்றுக்கணக்கில்.
கிளை ஒன்று தோலோடு தொங்கியது.
குளிர்காலத்து ஜாம் போயிற்று என்று
நிர்வாகி ஜிப்பார்குல் கத்தினாள்.
யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை.
உள்ளங்கை இரண்டும் உரிந்து
மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"ஏன் என்று கேள்" என்றாள் ஃபெம்கே.
கேட்டேன்.
"பழமே இல்லாவிட்டால் எப்படிப் போவாள்?"

இந்த முறை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.
ஏப்ரலில் நான் சொன்னதையும்
சேர்த்துச் சொன்னேன்.
அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.
பேசின் எடுத்துவந்து காய்களைப் பொறுக்கினாள்.
உப்பு தொட்டு எல்லாரும் தின்றோம்,
பல் கூசக் கூச.
பிறகு அவன் முன்னால் மண்டியிட்டு
பத்து விரல் காட்டினாள். மூடினாள்.
ஒன்றைக் காட்டினாள்.
அவன் அந்த விரல்களைத் தொட்டு
மறுபடி எண்ணிப் பார்த்தான்.

பதினோராம் நாள் வேன் வந்தது.
அவன் அழவில்லை, அழுதவள் அவள்தான்.
சைக்கிளைச் சுவரோடு சாய்த்துவிட்டு
என் பக்கம் வந்து நின்றான்.

கசானில் தையல் வேலை, செப்டம்பரிலிருந்து.
இன்னும் யாரிடமும் சொல்லவில்லை,
ஜிப்பார்குலிடம்கூட.

"நீ?" என்றான்.

நடுவில் மொழி பெயர்க்க ஆளில்லை.
மரத்தைப் பார்த்தேன்.
கைகாட்ட அதில் ஒன்றும் இல்லை.