இருநூறு நிமிடம்

நாற்பது நிமிட ஆட்டம், ஐந்து இடம்.
பெருக்கினால் இருநூறு.
பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்தால்
ஆளுக்குப் பதினாறு நிமிடம், நாற்பது நொடி.
இந்தக் கணக்கு எனக்குச் சட்டென்று வரும்.
பகலெல்லாம் திருப்பாதிரிப்புலியூர் ரேஷன் கடையில்
துவரம்பருப்பு நிறுக்கிறவள் நான்.

ஒருமுறைகூட அப்படிப் பிரித்ததில்லை.

மாலை ஐந்தரைக்கு மஞ்சக்குப்பத்தில் சிமென்ட் தளம்.
வளையத்தில் வலை கிழிந்துபோனபோது
தேவனாம்பட்டினத்திலிருந்து ஜெனிட்டாவின் அப்பா வந்து
மீன்வலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார்.
கண் சிறிய வலை.
விழுந்த பந்தை ஒரு கணம் வைத்திருந்து
யோசித்துவிட்டுத்தான் கீழே விடும்.

நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன்.
கூடை போட்டதை அதில் எழுதுவதில்லை,
அதை எண்ண ஊரே இருக்கிறது.
தவறவிட்டபின் தலையில் கைவைத்து நிற்காமல்
திரும்பி ஓடியவளுக்கு ஒரு கோடு.
ஸ்கிரீன் வைத்து, விலாவில் இடி வாங்கி,
யாரும் கைதட்டாமல் எழுந்தவளுக்கு இரண்டு.
பெஞ்சில் இருக்கும்போது
ஆட்டத்தைப் பார்க்கிறவளுக்கு ஒன்று,
ஷூ நாடாவைப் பார்க்கிறவளுக்கு இல்லை.

உயரத்துக்குக் கோடு கிடையாது என்று
முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.
பொய்.
புவிஷா ஐந்தடி எட்டு அங்குலம்.
வாரத்தில் இரண்டு நாள்தான் பயிற்சிக்கு வருகிறாள்,
இருபத்தெட்டு நிமிடம் ஆடுகிறாள்.
எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகும்
கட்டைவிரல் இருக்கத்தான் செய்கிறது.

சர்க்கரை வந்த அன்று
வரிசையில் ஜெனிட்டாவின் அம்மா.
ரேகை விழவில்லை.
மீன் ஆய்ந்து ஆய்ந்து வழவழத்த விரல்.
நான்காம் முறை புடவையில் துடைத்து வைக்கும்போது
தலை நிமிராமல் கேட்டாள்:
"நெய்வேலியில எம்பொண்ணு
மூணு நிமிசந்தான் ஆடுனாளாமே?"

அவளுக்குப் பின்னால் முப்பது பேர்.

பந்து கைக்கு வந்ததும் நெருப்பை வாங்கியவள் மாதிரி
பக்கத்தில் தள்ளிவிடுகிறாள் என்று சொல்லியிருக்கலாம்.
நோட்டில் அவளுக்குத்தான் அதிகக் கோடு,
பத்தொன்பது என்றும் சொல்லியிருக்கலாம்.
இரண்டும் உண்மை.
இரண்டையும் ஒரே வாயால் சொல்ல வரவில்லை.
இயந்திரம் பச்சை காட்டியது.
இரண்டு கிலோ போட்டேன்.
பையைக் கையில் தூக்கிப் பார்த்தாள்,
இறக்கி, மறுபடியும் தூக்கினாள்.
எல்லோரும் செய்வதுதான்.

பண்ருட்டி அணி நம் தளத்துக்கு வந்தது.
இரண்டாம் கால்பகுதியில்
புவிஷாவை உட்காரவைத்து ஜெனிட்டாவை இறக்கினேன்.
முதல் பந்தை விட்டாள்.
அடுத்ததையும்.
எடுத்துவிடு என்று பெஞ்சு மொத்தமும் திரும்பியது.
சஃப்ரின் மட்டும்
விட்டவளிடமே மூன்றாவது பந்தையும் கொடுத்தாள்.
அதை நான் சொல்லித்தரவில்லை.
நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள் ஜெனிட்டா.
ஒரு நொடி. இரண்டு.
எங்கள் மீன்வலை மாதிரி.
பிறகு தரையில் தட்டி நடந்தாள்.
கூடையெல்லாம் விழவில்லை.

ஒன்பது நிமிடம் விட்டுவைத்தேன்.
அது கோடுகளுக்காகவா,
அந்தச் சர்க்கரைப் பையின் கனத்துக்காகவா
என்று யாராவது கேட்டால்
இப்போதும் பதில் இல்லை.
நான்கு புள்ளியில் தோற்றோம்.
புவிஷா ஆட்டத்தையும் பார்க்கவில்லை,
ஷூ நாடாவையும் பார்க்கவில்லை.
கடைசி வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அதற்கு நோட்டில் இடம் ஒதுக்கியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருத்தாசலத்தில் ஆட்டம்.
கடையைப் பூட்டிவிட்டு
கல்லாப் பலகைமேல் பெயர்களை எழுதுகிறேன்.
சஃப்ரின் முப்பது.
ஜெனிட்டா பன்னிரண்டு.
புவிஷா,
எழுதி, அடித்து, எழுதி, இருபத்துநான்கு.
மற்றவர்களையும் சேர்த்துக் கூட்டினால்
இருநூற்று ஆறு வருகிறது.

ரப்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.