அறுபது லிட்டர்

ஓஸ்ட்ராவா நகரில் டிராம் ஓட்டுகிற லிபுஷே
டிசம்பரில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினாள்.
மணல் பரப்பினாள். வேர்க்கட்டை ஒன்றைச் சாய்த்தாள்.
கல்லிடுக்கில் அனுபியாஸ்,
பின்புறம் ரிப்பன் ரிப்பனாய் வாலிஸ்னேரியா.
விளக்கு எரிந்தது. மோட்டார் முனகியது.
மீன் மட்டும் இல்லை.

கடைக்கார ஓட்டகர் விற்க மாட்டேன் என்றுவிட்டார்.
"அது இன்னும் வெறும் பச்சைத் தண்ணீர்.
கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள்
முதலில் வந்து சேரட்டும்.
மூன்று வாரம் கழித்து வா,
ஒரு புட்டியில் தண்ணீரோடு."

கொண்டுபோனாள்,
பிளம் ஜாம் லேபிள் உரியாத புட்டியில்,
உறைந்துவிடாமல் கோட்டுக்குள் அணைத்து.
ஐந்து சொட்டு மருந்து. தண்ணீர் சிவந்தது.
"நைட்ரைட். போய்விட்டு வா."
அடுத்த வாரம் ஆரஞ்சு.
"போய்விட்டு வா."
ஜாதகம் பார்க்கிறவர்கூட
இத்தனை தடவை திருப்பி அனுப்பமாட்டார்.

இதற்குள் கண்ணாடியெங்கும் பழுப்புப் பாசி,
யாரோ காப்பித்தூளைத் தூவிவிட்டுப் போனதுபோல.
டூட்டிச் சீட்டின் பின்பக்கம் அவள் எழுதினாள்:
ஏஞ்சல் இரண்டு
நியான் பத்து
பொன்மீன் ஒன்று (சும்மா)
பாசி தின்ன, அந்த மஞ்சள் உறிஞ்சி.

ஓட்டகர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.
ஏஞ்சலை அடித்தார்:
"பேரைப் பார்த்து ஏமாறாதே. வளர்ந்ததும்
நியானைச் சேமியாபோல இழுத்து விழுங்கும்."
பொன்மீனை அடித்தார்:
"உன் தோட்டத்தைக் கீரைக்கட்டு என்று நினைக்கும்."

மஞ்சள் உறிஞ்சியின்மேல் பென்சில் நின்றது.
"சின்னதில் நன்றாகத்தான் பாசி தின்னும்.
பெரிதானால் ருசி மாறிவிடும்.
ராத்திரி, தூங்குகிற மீனின் விலாவில் போய்
ஒட்டிக்கொள்ளும்."

லிபுஷே கையுறையைக் கழற்றி, மறுபடி போட்டாள்.
"அப்படி ஒருவரைத் தெரியும்," என்றாள்.
"பதினோரு வருஷம்."

அதையும் அடித்தார் ஓட்டகர்,
தாள் கிழிகிற அளவுக்கு.

அப்போ அந்தக் குட்டிப் பூனைமீன்கள்?
மூலைத் தொட்டியில், இலையோடு இலையாக
விரல்நுனி நீளத்தில் ஒட்டியிருந்தவை?
"அவற்றுக்கு ஊறிப் பழகின தொட்டி வேண்டும்.
புதிதில் விட்டால் வயிறு ஒட்டிச் சாகும்.
முறைப்பாடே வைக்காது, அதுதான் கஷ்டம்.
கோடையில் வா. தனியாக ஒன்று கேட்காதே,
ஆறாக வாங்கு."

பிப்ரவரியில் ஒருநாள் புட்டித் தண்ணீர்
மஞ்சளிலேயே நின்றது. மருந்து தோற்றது.
முதலில் நான்கு இறால்,
கண்ணாடிமேல் நெய்தவன் கைபோல் ஓயாத கால்கள்.
கூடவே வரிபோட்ட நத்தை ஒன்று.
பிறகு, பதினைந்து நாள் விட்டு,
கங்கு நிறத்தில் எட்டு டெட்ரா.
உலைகள் அணைந்துபோன ஊரில்
எட்டுக் கங்குகளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு
தன் தடத்திலேயே பயணியாக உட்கார்ந்து போனாள்.
வளைவு வந்ததும் சக ஓட்டுநர் த்ரஹோமீர்
கேட்காமலே வேகத்தைக் குறைத்தான்.

பாசி போனதா?
பாதியை இறாலும் நத்தையும் தின்றன.
மீதியைத் தின்றது எந்த வாயும் அல்ல:
பத்து மணி நேர விளக்கை
ஆறாகக் குறைத்த அவளுடைய சுட்டுவிரல்.

இப்போது வேர்க்கட்டை முழுக்க
எள் சிந்தியதுபோல வெள்ளைப் புள்ளிகள்.
"நத்தை முட்டை," என்றார் ஓட்டகர்.
"பொரிக்காது. கடல் உப்பு வேண்டும்."
இந்த நாட்டுக்குக் கடல் கிடையாது.

காலாவதியான டிராம் பாஸால் சுரண்டிப் பார்த்தாள்.
பெயரவில்லை.
காலை நாலரைக்கு முதல் வண்டி அவளுடையது.
விளக்கை அணைத்தாள்.
நத்தை நகர்வது காதில் விழாது என்று தெரியும்,
இருந்தும் இருட்டில்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.