இவர் நீங்கள்தானா?

சோஹாரில் ஞாயிறுதான் திங்கட்கிழமை.
டீன் அலுவலகத்து மின்னஞ்சல்
எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது:
ஒப்பந்தம் நீட்டிக்க எச்-இன்டெக்ஸ் எட்டு வேண்டும்,
வியாழனுக்குள்.

ஆய்வுத் தளத்தில் என் பெயரைத் தேடினேன்.
மூன்று பேர் வந்து நின்றார்கள்.

பக்கிரிசாமி டி. –
என் அப்பா. நாகப்பட்டினம் துறைமுகத்தில்
ஐஸ் லாரி ஓட்டியவர். படிப்பு எட்டோடு சரி.
நுண்பாசியின் நச்சு குறித்து நான்கு கட்டுரைகள்.
ஒரு ஜப்பான்காரர் இரண்டு இடங்களில்
அப்பாவோடு முரண்படுகிறார்.

குபேந்திரன் டி. –
கல்யாணத்துக்குப் பின் பாஸ்போர்ட்டில் ஏறிய பெயர்.
ரூவியில் டயர் விற்கிறார்.
இப்போது வக்கீல் மூலம்தான் பேச்சு.
"செத்த மீனை எண்றதுக்கு ஒரு பட்டமா" என்று
விருந்தாளிகள் முன்னால் கேட்டவருக்கு
செத்த மீன்களைப் பற்றி ஐந்து கட்டுரைகள்,
நூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள்.

நயாகரா டி. –
குடியிருப்பு அட்டையில் பிறந்தவள்.
தையல்நாயகி அரபிக்குப் போய்
ஆங்கிலத்துக்குத் திரும்பும் வழியில்
அருவியாகிவிட்டாள்.
ஒரே கட்டுரை. ஒரே மேற்கோள்.
காட்டியிருப்பவர் குபேந்திரன்.

படிவத்தில் இன்னொரு கட்டம்: சமூக ஊடக வீச்சு.
கட்டுரைக்கொரு வண்ண வளையம் தருகிறார்கள்,
பதிவுக்கு நீலம், செய்திக்குச் சிவப்பு, நடுவில் எண்.
என்னுடையது நிறமேறாத மெதுவடை.
ஓட்டைக்குள் இரண்டு:
ஒன்று நான், ஒன்று பதிப்பகத்து எந்திரம்.

போன பிப்ரவரியில், பகலெல்லாம் பாசிப்பச்சையாய்க் கிடந்த கடல்
இரவில் நீலமாய் எரிந்தபோது
முழங்கால் தண்ணீரில் நின்று
பதினோரு விநாடி படம் எடுத்தேன்.
அறுபத்தோராயிரம் பேருக்குப் பிடித்தது.
எந்த ஃபில்டர் என்றார்கள். எந்த ரிசார்ட் என்றார்கள்.
ஒருவர் அதன்மேல் பாட்டை ஓட்டி, என் பெயரை வெட்டிப் போட்டார்.
அது நான்கு லட்சம்.
கீழே கட்டுரையின் சுட்டி இருந்தது.
திறந்தவர்கள் ஏழு.
"அதில் மூன்று நான்தான்" என்றார் ரஹ்மா அல் பலூஷி,
"கடவுச்சொல் மறந்து மறந்து."

செவ்வாய் இரவு கடல் மறுபடி பழுத்தது.
குடிநீர் ஆலை வாயை மூடிக்கொண்டது.
எங்கள் கட்டட வாட்ஸப் குழுவில்
என் நான்காம் வரைபடம் வந்து விழுந்தது,
'பலமுறை அனுப்பப்பட்டது' என்ற முத்திரையோடு,
ஓரங்கள் கத்தரித்து.
யாரோ சிவப்பில் எழுதியிருந்தார்கள்:
மூணு நாளைக்குத் தண்ணி வராது!!!
நான் சொன்னது முப்பத்தாறு மணி நேரம்,
முன்னேபின்னே எட்டு.
மூன்றாம் மாடி பெலிக்ஸ் கேட்டார்:
இது நெசமா, வதந்தியா?
பிழை வரம்பைப் பற்றி நான்கு வரி தட்டினேன். அழித்தேன்.
'ரெண்டு வாளி பிடிச்சு வைங்க' என்று அனுப்பினேன்.
பதினான்கு கட்டைவிரல்கள்.
பிறகு, சுவருக்குள்,
ஒவ்வொரு வீடாய்க் குழாய் திறக்கும் சத்தம்.

புதன் பின்னிரவு. தளம் கேட்கிறது:
பக்கிரிசாமி டி. – இவர் நீங்கள்தானா?
ஆம்.
நயாகரா டி. – இவர் நீங்கள்தானா?
ஆம். அவளாகவே இருந்துவிட்டாலும் சரி.
குபேந்திரன் டி. – இவர் நீங்கள்தானா?

அந்த ஐந்தையும் ரூவி வீட்டில்
அவர் குறட்டை தொடங்கிய பின்
சமையல் மேடையில் மடிக்கணினி வைத்து
நின்றபடி எழுதினேன்.
ஒன்றின் மூன்றாம் பக்கத்தில்
குக்கர் விசிலுக்கு விட்டுப்போன ஒரு காற்புள்ளி
இன்னும் விட்டுப்போய்த்தான் இருக்கிறது.

அவரில்லாமல் நான் ஐந்துகூடத் தேறமாட்டேன்.
அவரோடு எட்டு.

அழுத்தினேன்.
பத்து வேலை நாட்களில் சரிபார்ப்போம் என்றது தளம்.

விடிய நான்கு மணி நேரம் இருந்தது.
படிவத்தை மேலிருந்து தொடங்கினேன்.
பெயர் என்ற இடத்தில் தமிழில்
தையல்நாயகி என்று அடித்தேன்.
கட்டம் சிவந்தது:
செல்லாத எழுத்து.