புள்ளி பூஜ்யம் இரண்டு

மூவாயிரம் மீட்டர் ஆழத்தில்
ஒரு சேற்றுமலை புரண்டு படுத்தது.
அவ்வளவுதான் நடந்தது.
மேலே ஆறு நாடுகளில்
ஏடிஎம்கள் கண்ணை மூடிக்கொண்டன.

எங்கள் கப்பல் வந்து சேர ஆறு நாள்.
கொக்கி போட்டுத் துழாவ நான்கு.
பதினோராம் நாள் காலை
கினியா வளைகுடாவின் சேற்றைச் சொட்டியபடி
மேல்தளத்துக்கு ஏறி வந்தது அது:
தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் தடிமன்.
புதுப் பையன் கேட்டான்,
உலகம் இவ்வளவுதானா?

இரும்பை உரி. செம்பை உரி. களிம்பைத் துடை.
உள்ளே பன்னிரண்டு கண்ணாடி இழைகள்,
ஒவ்வொன்றும் ஒரு தலைமுடி.
மயிரைக் கட்டி மலையை இழுப்பதென்பார்கள்.
எனக்கு அது மாதச் சம்பளம்.

என் பெயர் நெலீடா. மிண்டேலோவில் பிறந்தவள்.
இருபத்திரண்டு வருடமாக
யார் யாரோடு பேசுகிறார்கள் என்றே தெரியாமல்
பேச வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நுனிகளை ஆல்கஹாலில் துடைத்து,
நேராகத் தறித்து,
கருவியின் பள்ளத்தில் எதிரெதிரே படுக்க வைக்கும்போது
அந்த அறையில் யாரும் தும்மக் கூடாது.
கேப்டன் லெ கோஃப்கூட
கதவுக்கு வெளியேதான் மூச்சு விடுவார்.

நுனிகளுக்கு நடுவே ஒரு தூசி அளவு இடைவெளி.
அதில் காத்து நிற்கின்றன
கோகோவின் இன்றைய விலை,
அபித்ஜானில் ஒரு குழந்தையின் எக்ஸ்ரே,
யாரோ யாருக்கோ இரவில் எழுதிய மன்னிப்பு,
எந்தக் கூரைமேல் விழுவதென்று சொல்லும் எண்கள்.
எல்லாம் ஒரே வெளிச்சம்.
அதுவும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்.
இதை ஒட்டு, அதை விட்டுவிடு என
என் கருவியில் பொத்தான் இல்லை.
இருந்தால் அழுத்தியிருப்பேன் என்றுதான்
முதல் ஐந்து வருடம் நினைத்தேன்.
எனக்கு முன்னால் அதை
யார் யாரெல்லாம் அழுத்தியிருப்பார்கள் என்று
ஒருநாள் யோசித்துவிட்டேன்.

ராட்டர்டாமில் என் தம்பி, அடெரிட்டு.
போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஒரு வீடியோ அனுப்பினான்:
அங்கே துறைமுகத்தில் வந்திறங்குகிறவர்கள்
நோயைக் கொண்டுவருகிறார்களாம்.
நம் அப்பாவும் அங்கேதான் இறங்கினார் என்று எழுதினேன்.
நீ கடலில் இருப்பவள், உனக்கென்ன தெரியும் என்று எழுதினான்.
அந்த வீடியோ வந்த வழியை
அதற்கு ஆறு மாதம் முன்பு
ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில்
நான்தான் ஒட்டியிருந்தேன்.
அதன்பின் எங்களுக்குள் அறுந்ததற்கு
எந்தக் கம்பெனியும் கப்பல் அனுப்பவில்லை.

ஒரு பொறி.
திரையில் இழப்பு: புள்ளி பூஜ்யம் இரண்டு டெசிபல்.
நல்ல எண்.
கண்ணாடி கண்ணாடியை ஏற்றுக்கொண்டதற்கான எண்.
மனிதர்களுக்கு இப்படி அளக்கும் கருவியை
இன்னும் யாரும் விற்கவில்லை.

அக்ரா கரை நிலையத்திலிருந்து எஃபுவா சொன்னாள்:
வெளிச்சம் வருகிறது.
யார் பேசுகிறார்கள் என்றேன் வேடிக்கைக்கு.
வெளிச்சம் மட்டும்தான் அக்கா,
இன்னும் யாரும் பேச ஆரம்பிக்கவில்லை.

மாலையில் சமையற்காரர் ஃபோடேவுக்கு
மனைவியின் அழைப்பு வந்தது.
அவர் நாட்டில் அரசு கவிழ்ந்து எட்டு நாளாகிறது.
எட்டு நாளும் மனிதர்
பதவியில் இல்லாத ஒரு ஜனாதிபதியைத் திட்டியபடி
வெங்காயம் நறுக்கியிருக்கிறார்.
அந்த எட்டு நாள் அவர் எந்த நாட்டுக்காரர்?

புதியவர்கள் எப்படி என்று கேட்டேன்.
ரொட்டி விலை அதேதானாம் என்றார்.
சூப்புக்கு உப்புப் போட்டோமா என்று யோசித்து
இன்னொரு முறை போட்டார்.
யாரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தோம்.

இருட்டியதும் கேபிளைத் திரும்ப நீரில் இறக்கினோம்.
அது கீழே போய்ச் சேர வெகுநேரம் ஆகும்.
அதுவரை கையில் போனை வைத்துக்கொண்டு நின்றேன்.
பிறகு தம்பிக்கு எழுதினேன்:
இன்றைக்குச் சூப்பில் உப்பு அதிகம்.

இரண்டு டிக் விழுந்தன.
நீலமாகவில்லை.

விடிவதற்குள் கப்பல் வடக்கே திரும்பிவிட்டது.
இன்னோர் இடத்தில் அறுந்திருக்கிறதாம்.